பெட்டியோடு வந்த 24 சொற்கள்

கேள்வி: பிட்காயினைப் பத்திரப்படுத்த இணையத்தில் தள்ளுபடி விலைக்கு ஹார்டுவேர் வாலட் என்னும் சிறு கருவி ஒன்றை வாங்கினேன். பெட்டிக்குள் 24 ஆங்கிலச் சொற்கள் அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது. அவற்றையே கருவியில் உள்ளிடச் சொல்கிறது உடனிருந்த குறிப்பு. அப்படிச் செய்யலாமா? கருவி பழுதானால் பணம் போய்விடுமா?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: கூடவே கூடாது. அந்தச் சொற்களை அச்சிட்டவரிடம் அவற்றின் படி இருக்கும் என்பதால், நீங்கள் அனுப்பும் பிட்காயினை அவர் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துவிட முடியும். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்தே புதிதாக வாங்குங்கள்.

பிட்காயின் கருவிக்குள் இருப்பதில்லை. அதன் கணக்கு, பிளாக்செயின் எனப்படும் பொதுவான இணையப் பேரேட்டில்தான் இருக்கிறது. அதைச் செலவழிக்க உதவும் ரகசியச் சாவியையே கருவி காக்கிறது. அந்தச் சாவியின் எழுத்து வடிவமே இந்தச் சொற்கள். 2013இல் வகுக்கப்பட்ட பிஐபி-39 என்னும் முறையின்படி, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து கருவியே அவற்றைத் தேர்ந்து தன் திரையில் காட்ட வேண்டும். கருவி உடைந்தாலும், அதே முறையில் இயங்கும் வேறொரு கருவியில் சொற்களை வரிசை மாறாமல் உள்ளிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும்.

திரையில் வரும் சொற்களை வரிசை எண்ணோடு பேனாவால் தாளில் எழுதுங்கள். கைபேசியில் படம் எடுப்பதும், வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பி வைப்பதும் வேண்டாம். கையெழுத்து கோணலாக இருந்தாலும் கவலையில்லை. பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இராது.

அடுத்த வேலையைத்தான் பலரும் தட்டிக்கழிக்கிறார்கள். பெருந்தொகையை அனுப்புமுன், பிட்காயினைப் பெறுவதற்காகக் கருவி காட்டும் முகவரியைக் குறித்துக்கொண்டு, கருவியில் பதிந்துள்ளதை வேண்டுமென்றே அழித்துவிடுங்கள். லெட்ஜர் என்னும் நிறுவனத்தின் கருவியானால், அதைத் திறக்கும் பின் (PIN) எண்ணை மூன்று முறை தவறாக இட்டாலே போதும். பிறகு தாளைப் பார்த்துச் சொற்களை உள்ளிடுங்கள். பழைய முகவரியே வந்தால் நீங்கள் எழுதியது சரி. அரை மணி நேரம் போகும், போகட்டும். அதன் பிறகும் முதலில் சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். கணினியில் நகலெடுத்த முகவரியைச் சத்தமின்றி மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. ஆகவே கருவியின் திரையில் தெரியும் முகவரியோடு ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: வாலட் நிறுவனத்தின் பெயரில் என் வீட்டுக்குக் கடிதம் வந்துள்ளது. சரிபார்ப்புக்காக 24 சொற்களையும் ஓர் இணையதளத்தில் பதியச் சொல்கிறார்கள். என் முகவரி வெளியார்க்கு எப்படித் தெரியும்?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: வாடிக்கையாளர் பட்டியல்கள் கசிவதுண்டு. 2020இல் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைத் தரவுகள் திருடப்பட்டு, சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணையத்தில் கொட்டப்பட்டன. மறு ஆண்டு சிலருடைய வீடுகளுக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன. உண்மையான நிறுவனம் எதுவும் அந்தச் சொற்களைக் கேட்காது. ஏற்கெனவே பதிந்திருந்தால், புதிய சொற்களோடு வேறு வாலட் அமைத்து இருப்பு முழுவதையும் இப்போதே அதற்கு மாற்றிவிடுங்கள். பின் எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை.