கிட் வாங்கிக் கோர்ப்பதா, இருக்கிற வண்டியை மாற்றுவதா? பட்டறைக்காரரிடம் கேள்வி பதில்

வணக்கம். சென்னையில் பைக் மாற்றியமைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் புல்லட். தெரிந்ததைச் சொல்கிறேன். சைலன்சர் சத்தத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

சேலம்: அண்ணா, அமெரிக்காவில் சேஸ் (வண்டியின் இரும்புச் சட்டகம்), இஞ்சின், வீல் எல்லாம் கிட்டாக வாங்கி வீட்டிலேயே கோர்க்கிறார்கள். நாமும் ஒன்றை வரவழைத்துக் கோர்க்கலாமா?

கோர்க்கலாம் தம்பி. ரோட்டில்தான் ஓட்ட முடியாது. இங்கே ஒரு புது வண்டிக்கு நம்பர் கிடைக்க, அந்த மாடல் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி சோதனையில் தேறியிருக்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம்ம ஒரகடத்தில் ஜிஏஆர்சி என்று அதற்கான மையங்கள் இருக்கின்றன. புகை, பிரேக், விளக்கு, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிற கம்பெனிக்குத்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். வீட்டில் ஒரே ஒரு வண்டி கோர்ப்பவருக்கு வாய்ப்பே இல்லை.

இங்கே கடையில் 'கிட்' என்று விற்பது டேங்க், சீட், மட்கார்டு, ஹேண்டில்பார் அடங்கிய செட். உங்கள் வண்டி மேல் போல்ட் போட்டு மாட்டுவது. அதுவும் வண்டியை மாற்றுகிற வேலைதான். பெட்டியில் வருகிறது என்பதற்காகச் சட்டம் விட்டுவிடாது.

லண்டன்: நான் இங்கே இருக்கிறேன். எனக்கும் அதே பதிலா?

இல்லை. பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கென்றே எம்எஸ்விஏ என்ற சோதனை உண்டு. தேறினால் பதிவு கிடைக்கும். வண்டியின் வயதை நிரூபிக்க முடியாவிட்டால் க்யூ-வில் தொடங்கும் நம்பர் தருவார்கள். தாராளமாகக் கோர்க்கலாம்.

மதுரை: சென்னைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தையில் சேஸ் தனி, இஞ்சின் தனி என்று கிடைக்கிறதே சார். அதைச் சேர்த்து ஒரு புல்லட் ஆக்கிவிட்டால்?

ஆர்டிஓ கண்ணுக்கு வண்டி என்பது சேஸ் நம்பர்தான். ஆர்சி இல்லாத சேஸ் வெறும் இரும்பு, சில சமயம் திருட்டு இரும்பு. ஆர்சி கையில் வராமல் ஒரு போல்ட்டுக்குக்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆர்சி இருந்தாலும் பார்த்து வாங்குங்கள். சேஸ் நம்பர் அடித்திருக்கும் ஹேண்டில் கழுத்துப் பக்கம் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கம்பெனி அடித்த எண்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கும். மறுபடி அடித்ததில் ஒரு எண் ஏறி ஒரு எண் இறங்கி நிற்கும். சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடம் மினுங்கும். அங்கே மட்டும் பெயிண்டு தடிமனாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஈரோடு: எவ்வளவு செலவாகும்?

என்ன வண்டி, என்ன வேலை என்று சொல்லுங்கள்.

கோவை: என் 350-க்கு முன் ஃபோர்க்கை, அதாவது முன் வீலைப் பிடிக்கும் குழாய்களை, 6 அங்குலம் நீட்டி, முன்பக்கம் நீண்ட சாப்பர் ஆக்கப் போகிறேன். நீளம் கூடினால் நேராக நிற்கும் என்கிறார்களே?

நெடுஞ்சாலையில் நிற்கும். உங்கள் தெருமுனையில் திரும்பாது. ஃபோர்க்கை மட்டும் நீட்டினால் முன்பக்கம் தூக்கி, ஹேண்டில் கழுத்து பின்னால் சாயும், ட்ரெயில் கூடும் (கழுத்தின் சாய்வுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் அச்சுக்கு நேர்கீழே உள்ள இடத்துக்கும் உள்ள தூரம் அது). மெதுவாகப் போகையில் முன் வீல் ஒரு பக்கமாக விழப் பார்க்கும்.

கோவை: அமெரிக்க சாப்பரெல்லாம் அப்படித்தானே ஓடுகிறது? நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

அங்கே ஒழுங்காகச் செய்கிறவர் கழுத்தையே வேறு கோணத்தில் வைத்து சேஸ் செய்கிறார். ஃபோர்க்கைப் பிடிக்கும் யோக்கையும் கோணம் பார்த்துப் போட்டு, கூடிய ட்ரெயிலைக் குறைத்துக்கொள்கிறார். நீங்கள் குழாயை மட்டும் நீட்டப் போகிறீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் அளந்து பாருங்கள். வண்டியை நிமிர்த்தி, ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு அமுக்கி நிறுத்துங்கள். கழுத்து போகும் சாய்விலேயே நூல் பிடித்துத் தரையில் ஒரு குறி போடுங்கள். முன் அச்சிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை விட்டு இன்னொரு குறி. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். சாதாரண ரோட்டு வண்டியில் 10 செ.மீ.-க்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். நீட்டிய பிறகும் இதே மாதிரி அளந்துவிட்டு வந்து பேசுங்கள்.

திருச்சி: கோவை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் நண்பன் அப்படித்தான் ஓட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லை.

பிரேக் பிடிக்கும்போது நீண்ட ஃபோர்க் நெம்புகோலாகக் கழுத்து வெல்டை இழுக்கும். வெல்டில் விரிசல் விட்டால் பெயிண்டுக்கு அடியில் தெரியாது. அவரை அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்: பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இஞ்சின் புல்லட் சேஸில் வேறு கம்பெனி இஞ்சின் உட்காருமா?

நல்ல கேள்வி. அந்த சேஸில் முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் இஞ்சினோடு முடிந்துவிடும், அடியில் இஞ்சினைத் தாங்கும் தொட்டில் கிடையாது. இஞ்சினே சேஸின் ஒரு பாகம். அதை எடுத்தால் கீழே பிடிப்பு போய்விடும். வேறு இஞ்சின் என்றால் அடித்தொட்டில், மவுண்ட், செயின் நேர்கோடு எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். 2021-ல் வந்த புது கிளாசிக் 350-ல் முன்னால் இரட்டைக் குழாய் வைத்த வேறு சேஸ். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இஞ்சின் மாற்ற ஆர்டிஓ அனுமதியும் வேண்டும். வேறு கம்பெனி இஞ்சினுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். காஸ்ட் அயர்ன் இஞ்சின் நன்றாக இருந்தால் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) அதையே ஓட்டுங்கள், அதன் அழகே அந்தத் துடிப்புதான்.

வேலூர்: சைலன்சர் மாற்றலாமா?

முதல் பத்தி.

நாகர்கோவில்: உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பு சொல்லிவிட்டதாமே. ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டக் கூடாதா?

அவ்வளவு இல்லை. கம்பெனி கொடுத்த அளவுகளுக்கு, அதாவது ஆர்சியில் பதிந்த விவரங்களுக்கு, மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் சாரம். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 அதுதான். நிறம் மாற்றலாம், ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சீட், ஹேண்டில்பார் போன்ற சின்ன வேலைக்கு எங்கள் பட்டறையில் பெரிய வம்பு வந்ததில்லை. சேஸை வெட்டுவதும் நீட்டுவதும் வேறு கதை. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். நாலு மாற்றம் செய்திருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர்: அண்ணா, சைலன்சர்...

10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். போதுமா?

திருநெல்வேலி: பழைய வண்டியை எலக்ட்ரிக் ஆக்கும் கிட்?

என் துறை இல்லை. சோதனை மையத்தின் சான்று பெற்ற கிட்டா, உங்கள் மாடலின் பெயர் அந்தச் சான்றில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதை மாட்டித் தருபவரிடம் கேளுங்கள்.

ஈரோடு: ஆர்சி இருக்கிற பழைய 350 அண்ணா. முழுசாகப் பிரித்துப் புதுசாக்க வேண்டும். இப்போது சொல்லுங்கள்.

இதுதான் எனக்குப் பிடித்த வேலை. கிட் கோர்க்கும் ஆசையும் இதில் பாதி தீரும். ஒவ்வொரு போல்ட்டும் உங்கள் கையால் போகும். தொகையை இஞ்சின் திறந்த பிறகுதான் சொல்ல முடியும். கிராங்க் போயிருந்தால் ஒரு கணக்கு, ரீபோரோடு முடிந்தால் ஒரு கணக்கு. பெயிண்டைக் கடைசியில் வையுங்கள். முதல் காசை வயரிங்குக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள். டேங்குக்கு அடியில் டேப் சுற்றி முறுக்கிய ஒயர் இருந்தால் ஒட்டுப்போடாதீர்கள், புது ஹார்னஸ் (முழு ஒயர் கட்டு) போடுங்கள்.

கோவை: அளந்தேன். நீட்டாமலே 10 செ.மீ. வருகிறது. 6 வேண்டாம், 2 அங்குலம் நீட்டலாமா?

யோக் மாற்றுகிறீர்களா?

கோவை: இல்லை.

அப்படியென்றால் 2-ம் வேண்டாம். ஹேண்டில்பாரை உயர்த்திப் பாருங்கள், பாதி சாப்பர் தோற்றம் அதிலேயே வந்துவிடும். பிரேக், கிளட்ச் கேபிள் நீளமானதாக மாற்ற மறக்காதீர்கள்.

கடலூர்: மாற்றியதை இன்சூரன்ஸில் சொல்ல வேண்டுமா?

கட்டாயம், எழுத்தில், வேலை தொடங்குமுன்.

சரி, பட்டறையில் ஆள் காத்திருக்கிறார். சைலன்சர் கேள்விகளை விட்டுவிட்டு மற்றதற்கு நாளை பதில் சொல்கிறேன்.