ஆறடி பத்து அங்குலம்: கால்வாய்ப் படகு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ‘வாழ்வதற்கு எந்தப் படகு நல்லது?’ என்று ஒற்றை வரியில் கேட்கின்றன. எத்தனை பேர், எந்தக் கால்வாய், குளிர்காலமும் படகிலேயேவா என்று எழுதாதவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. மிச்சக் கடிதங்களுக்கான பதில்கள் கீழே. ஒன்றைத் தவிர எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களைப் பற்றியவை. புதியவர்களுக்கு: நேரோபோட் என்பது ஆறடி பத்து அங்குல அகலமுள்ள நீண்ட கால்வாய்ப் படகு; லாக் என்பது தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டி.

ஓய்வு பெற்றுவிட்டோம். நானும் மனைவியும் நேரோபோட்டில் நாடு முழுக்கச் சுற்ற நினைக்கிறோம். 57 அடியா, 70 அடியா? (ஹாரோ)

57. யார்க்‌ஷயரின் கால்டர் அண்ட் ஹெபிள் போன்ற குட்டை லாக்குகளிலும் அது நுழையும். ஏறக்குறைய எங்கேயும் தடையில்லை. 70 அடியில் இன்னொரு அறை கிடைக்கும், ஆனால் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதி கையை விட்டுப் போகும். அங்கே லாக் நீளம் 60 அடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். படகைத் திருப்பவும் அகலமான இடம் வரும்வரை மைல்கணக்கில் போக வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கு அந்த அறை எதற்கு? வருஷத்துக்கு இரண்டு முறை வரும் பேரப்பிள்ளைகளுக்கு சோபா-கட்டில் போதும்.

ட்ராட், செமி-ட்ராட், குரூஸர் ஸ்டெர்ன். வருஷம் முழுக்க இருப்பவர்களுக்கு எது வசதி? (மில்டன் கீன்ஸ்)

மூன்றும் படகின் பின்பகுதி (ஸ்டெர்ன்) வகைகள். குளிர்காலத்திலும் படகு ஓட்டுவீர்கள் என்றால் ட்ராட். பின்வாசலுக்குள் நின்று ஓட்டலாம்; இடுப்புக்குக் கீழே எஞ்சின் சூடு, மேலே மட்டும்தான் ஜனவரிக் காற்று. எஞ்சின் கூரைக்கு அடியில் நனையாமல் இருக்கும். அதே நீளப் படகில் உள்ளே சில அடி இடமும் கூடும். குறை ஒன்றுதான்: ஓட்டுபவருக்குத் துணையாகப் பின்னால் நிற்க இன்னொருவருக்கு இடமில்லை. சிலருக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

குரூஸர் ஸ்டெர்னில் நாலைந்து பேர் சேர்ந்து நின்று பேசிக்கொண்டு போகலாம். வாடகைப் படகுகள் பலவும் இந்த வகை. ஆனால் எஞ்சின் தளப் பலகைகளுக்கு அடியில் இருக்கிறது. பலகையைச் சுற்றியுள்ள வடிகால் பள்ளத்தில் அக்டோபர் இலை நாலு அடைத்தால் போதும், மழைத் தண்ணீர் நேராக எஞ்சின் அறைக்குள் இறங்கும். வாங்கப் போகும்போது பலகையைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் தாங்கிகளுக்கு அடியில் துரு எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்பது பழைய உரிமையாளரின் குணத்தைச் சொல்லிவிடும்.

குழந்தைகள் இருந்தால் செமி-ட்ராட். இருபக்கமும் சுவர், உட்காரப் பெட்டி இருக்கை.

எந்த ஸ்டெர்னாக இருந்தாலும், எப்போதும் சொல்வதுதான்: பின்னோக்கி ஓட்டும்போது டில்லரின் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடிக் கம்பி) வீச்சுக்குள் யாரும் நிற்கக் கூடாது. சுக்கான் எதிலாவது இடித்தால் டில்லர் ஆளைத் தூக்கித் தண்ணீரில் தள்ளும், புரொபெல்லர் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். புரொபெல்லரில் சிக்கிய துணியை எடுத்த பிறகு வீட் ஹேட்ச் (புரொபெல்லரைத் தொட உள்ளிருந்து திறக்கும் துவாரம்) மூடியை இறுக்காமல் எஞ்சினைக் கிளப்பவும் கூடாது. படகு அப்படியே மூழ்கும்.

57 அடி நீளம், 12 அடி அகலத்தில் வைட்பீம் வாங்கிவிட்டோம். உள்ளே வீடு மாதிரியே இருக்கிறது. கோடையில் லண்டனிலிருந்து பர்மிங்காம், மான்செஸ்டர், லிவர்பூல் போய்வர எத்தனை நாள் ஆகும்? (கிழக்கு லண்டன்)

முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் வரைபடத்தை விரிக்கிறவர்களின் கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை நாள் ஆனாலும் போக முடியாது.

கிராண்ட் யூனியன் கால்வாய் மேற்கு லண்டனின் பிரென்ட்ஃபோர்டில் தொடங்கி பர்மிங்காம் வாசல்வரை அகல லாக்குகளோடு போகிறது. வாசலில், கேம்ப் ஹில்லில், 7 அடியாகச் சுருங்கிவிடுகிறது. சரி, லெஸ்டர் பக்கம் திரும்பலாம் என்றால் வழியில் வாட்ஃபோர்ட் லாக்குகள் (நார்தாம்ப்டன்ஷயர் வாட்ஃபோர்ட், உங்கள் ஊர்ப் பக்கத்து வாட்ஃபோர்ட் இல்லை), அதைத் தாண்டினால் ஃபாக்ஸ்டன். எல்லாம் 7 அடி. ஃபாக்ஸ்டனில் பெரிய படகுகளைத் தொட்டியோடு மலையேற்ற 1900இல் சாய்தள லிஃப்ட் ஒன்றைக் கட்டினார்கள். வாட்ஃபோர்ட் லாக்குகளை மட்டும் அகலப்படுத்தாமல் விட்டார்கள். 1911இல் லிஃப்ட் நின்றுபோனது. நூறு வருஷத்துக்கு மேலாக அந்த வாசல் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு வழியான டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயின் நடுப்பகுதி, கால்வாய்ப் பொறியாளர் பிரிண்ட்லி 1760களில் வகுத்த அதே 7 அடி அளவு. ஆறடி பத்து அங்குல நேரோபோட் என்ற உருவமே அதிலிருந்து வந்ததுதான்.

ஆக, தெற்கிலுள்ள அகலக் கால்வாய்களையும் வடக்கிலுள்ள அகலக் கால்வாய்களையும் இணைக்கும் கால்வாய் உங்கள் படகுக்குக் கிடையாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு முனையிலும் கிரேன், வழியில் முன்னும் பின்னும் காவல் வண்டி. செலவு ஆயிரக்கணக்கான பவுண்டு.

இதைப் படகு விற்ற புரோக்கர் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். விளம்பரத்தில் சமையலறைத் தீவு, மூன்று பேர் சோபா, முழு அளவுக் கட்டில் எல்லாவற்றுக்கும் படம் போடுவார்கள். ‘எங்கும் பயணிக்கலாம்’ என்று ஒரு வரியும் சேர்ப்பார்கள். கால்வாய் வரைபடத்தை மட்டும் போட மாட்டார்கள். எனக்கு இவர்கள் மேல் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிஷம் வரைபடம் பார்க்காமல் ஒரு லட்சம் பவுண்டைக் கொட்டுகிறவரிடம் அனுதாபமும் அதிகம் வருவதில்லை.

நுழையும் கால்வாயிலும் வைட்பீம் சுகமாக ஓடும் என்று நினைக்காதீர்கள். வளைவுப் பாலத்தின் நடுவில் உயரம் தாராளமாக இருக்கும், ஓரத்தில் இருக்காது. கேபின் கூரையின் இரண்டு விளிம்பும் செங்கல்லில் உரசும். கூரையோரத்தில் பெயின்ட் போய் வெள்ளிக் கோடு தெரியும் வைட்பீமெல்லாம் இப்படி உரசியவைதான். பிளிஸ்வொர்த், பிரான்ஸ்டன் சுரங்கங்களுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கடக்கும்வரை எதிர்ப்பக்கப் படகுகள் காத்திருக்கும். இரண்டு நேரோபோட் சேர்ந்து இறங்கும் லாக்கை நீங்கள் ஒருவராகவே காலி செய்வீர்கள்.

படகை விற்கச் சொல்லவில்லை. கென்னெட் அண்ட் ஏவன் கால்வாய் உங்களுக்குச் சரியாக இருக்கும்: ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல்வரை 87 மைல், டிவைஸஸ் அருகே கேன் ஹில்லில் 29 லாக்குகள். அதை ஏறி இறங்கினால் ஒரு கோடைக்குப் போதும். ரெடிங் போக தேம்ஸ் வழி இருக்கிறது, உரிமம் மட்டும் தனி. லிவர்பூலுக்கு யூஸ்டனில் ரயில் ஏறுங்கள்.

நிரந்தர மூரிங் (படகு கட்டும் இடம்) இல்லாமல் ‘தொடர் பயணி’யாக இருக்க விருப்பம். 14 நாளுக்கு ஒருமுறை அடுத்த பாலத்துக்கு நகர்ந்தால் போதும்தானே? (ஹேய்ஸ்)

போதாது. 1995 பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் 14 நாள் கணக்கை மட்டும் சொல்லவில்லை. உரிமக் காலம் முழுக்க உண்மையாகவே பயணம் செய்ய வேண்டும் என்கிறது. இரண்டு பாலத்துக்கு நடுவில் வருஷம் முழுக்க ஊசலாடினால், கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் அடுத்த உரிமத்தை மறுக்கலாம். 2024 முதல் மூரிங் இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல்; அது படிப்படியாக ஏறுகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி, உங்களுக்குத் தினசரி ஆபீஸ் என்றால் மூரிங் பிடித்துவிட்டு அப்புறம் படகு பாருங்கள்.

25 அடி ஃபைபர்கிளாஸ் குரூஸர் மலிவாக வருகிறது. வாழலாமா? (லெஸ்டர்)

ஜூன் முதல் செப்டம்பர்வரை வாழலாம். பெட்ரோல் அவுட்போர்டு (வெளியே மாட்டும் எஞ்சின்) என்றால், கால்வாய்க் கரையில் டீசல்தான் எளிதில் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லக்ஸமோட்டர் வகை டச்சு பார்ஜ் (பழைய ஹாலந்துச் சரக்குப் படகு) வாங்கி பிரான்ஸில் சுற்ற ஆசை. (சர்ரே)

நல்ல ஆசை. பிரான்ஸின் பிரதானக் கால்வாய்களில் லாக்குகள் 38.5 மீட்டர் நீளம், 5 மீட்டருக்குச் சற்று மேல் அகலம்; அங்கே நீங்கள் ராஜா. பாலங்களுக்கு அடியில் போக, மடக்கக்கூடிய வீல்ஹவுஸ் (ஓட்டுநர் அறை) உள்ளதாகப் பாருங்கள். ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழி விதிகளுக்கான சிஇவிஎன்ஐ தேர்வோடு, ஐசிசி என்ற சர்வதேசப் படகோட்டித் தகுதிச் சான்றிதழ் எடுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பழைய ரிவெட் அடித்த உடல் என்றால், அந்த வகையைத் தெரிந்த சர்வேயரே வேண்டும்.

‘போன வருஷம்தான் பிளாக்கிங் (அடிப்பாகத்துக்குத் தார்ப் பூச்சு) அடித்தது, சர்வே வீண் செலவு’ என்கிறார் விற்பவர். (கவென்ட்ரி)

அப்படியானால் கட்டாயம் சர்வே. தார் பூசினால் துருக் குழிகள் மறையும், நிரம்பாது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தகட்டின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். புதிதில் அடி 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கேபின் 4 என்பது இப்போதைய வழக்கம். அடிப்பாகம் 4க்குக் கீழே தேய்ந்திருந்தால் பல இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரிப்பார்கள். விற்பவர் கொடுக்கும் பழைய அறிக்கை வேண்டாம். உங்கள் காசில், உங்கள் ஆள்.

படகில் வெட் கிரைண்டர் ஓடுமா? (சௌத்ஹால்)

டேபிள் டாப் ஓடும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் வேண்டும். எஞ்சின் ஓடும் நேரத்தில் அரையுங்கள்.

தினமும் சாதம், இட்லி ஆவியில் ஜன்னலெல்லாம் தண்ணீர் வடிகிறது. குளிருக்காகக் கூரைக் காற்றுத்துளைகளை டேப் போட்டு அடைத்திருக்கிறோம். இரவெல்லாம் கரி அடுப்பு எரிகிறது. ஈரம் போக என்ன செய்வது? (ரிக்மன்ஸ்வொர்த்)

ஈரம் இருக்கட்டும். இதைப் படித்ததும் எழுந்து போய் அந்த டேப்பைக் கிழியுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 2019 முதல் படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கே அது அவசியம். பட்டனை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று இன்றே பாருங்கள். துளைகள் திறந்தால் ஈரமும் பாதி குறையும். மீதிக்கு, இட்லி வேகும்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்து வையுங்கள்.