டாக்டர்கிட்ட போனா ரெக்கார்ட்ல ஏறிடுமா?

கேள்வி: பரங்கிமலை ஓ.டி.ஏ-ல (ராணுவ ஆபீசர் ட்ரெயினிங் அகாடமி) ட்ரெயினிங் எடுத்து, எஸ்.எஸ்.சி-ங்கற குறுகிய கால ஆபீசர் சர்வீஸ்ல பத்து வருஷம் முடிச்சு மேஜரா வெளிய வந்தேன். இப்போ ஓ.எம்.ஆர்-ல ஒரு கம்பெனில வேலை. ராத்திரி தூக்கம் இல்ல, தெருவுல சாவு ஊர்வலத்துக்கு வெடி போட்டா கை காலெல்லாம் நடுங்குது, பையன்மேல எரிஞ்சு விழறேன். அம்மா, "கீழ்ப்பாக்கம் போனேன்னு தெரிஞ்சா தங்கச்சிக்கு வரன் வராது, திருநள்ளாறு போயிட்டு வா"ங்கறாங்க. வீட்டுக்காரர், "பார்டர்லயே இருந்தவ, இதுக்கா பயப்படற"ங்கறார். யூனிட்ல ஒரு சீனியர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. டாக்டர்கிட்ட போனா ரெக்கார்ட்ல ஏறி வேலைக்கு பிரச்சனை வருமா? - வேளச்சேரி வாசகி

பதில்: மேஜர், நீங்க கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். உங்க ஃபைல் டாக்டர்கிட்டதான் இருக்கும், உங்க ஆபீசுக்குப் போகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல இத ரகசியமா வெச்சுக்கணும்னே இருக்கு. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவுன்னு சில விதிவிலக்கு உண்டு, ஹெச்.ஆர் போன் பண்ணி கேட்டாங்கங்கறது அதுல வராது. உடம்பு வியாதிக்கு குடுக்கற மாதிரியே மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் குடுக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது.

ஆனா இந்த பயம் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுது. உள்ள இருக்கறப்போ அது நியாயமான பயம்தான். ஷேப்-னு ஆர்மில உடம்பு, மனசுக்கு மார்க் போடற மெடிக்கல் கேட்டகரி இருக்கே, அதுல முதல் எழுத்தே மனசுக்குதான், அது இறங்குச்சுன்னா போஸ்டிங், ப்ரமோஷன், ரிட்டயர்மென்ட் வரைக்கும் சர்வீஸ்ல இருக்கற பெர்மனன்ட் கமிஷன்னு எல்லாத்துலயும் கை வைக்கும், அதுலயும் சுத்தி எல்லாரும் ஆம்பளைங்களா இருக்கற இடத்துல "நான் முடியாதவ இல்ல"ன்னு தினமும் காமிச்சுட்டே இருக்கணும், அப்போ யாரு வாயத் திறப்பாங்க சொல்லுங்க. பத்து வருஷம் அப்படி மறைச்சே பழகிட்டீங்க. இப்போ உங்கள எந்த மெடிக்கல் போர்டும் கூப்பிடப் போறதில்ல. மறைக்க காரணம் போயிடுச்சு, பழக்கம் மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு.

வீட்டுக்காரர் பேச்சு எனக்கு கோவம்தான் வந்துச்சு. பார்டர்ல இருந்ததாலதாங்க இது! நம்ம ஊர்ல எக்ஸ்-சர்வீஸ்மேன்னா ஏ.டி.எம் வாசல்ல மீசையோட உக்காந்திருக்கற அங்கிள்தான் ஞாபகம் வருவார், ஒரு பொண்ணு போய் நின்னா "உங்க ஹஸ்பண்ட் ஆர்மியா"ன்னுதான் கேப்பாங்க. பொண்ணுங்கள ஆபீசரா எடுக்க ஆரம்பிச்சதே 1992-லதான், நர்சிங், டாக்டர் பக்கம் அதுக்கு முன்னாடியே இருந்தாங்க. உங்க சர்வீசையே பாதி பேர் கணக்குல எடுக்காதப்போ அதுல பட்ட காயத்த மட்டும் எங்க பாக்கப் போறாங்க. அவர ஒரு சிட்டிங்க்கு கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால கேக்கட்டும்.

நான் டாக்டர் இல்ல, அதனால உங்க பிரச்சனைக்கு பேர் வெக்க மாட்டேன். பி.டி.எஸ்.டி-யா (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசுல தங்கிடற பாதிப்பு), டிப்ரஷனா, ரெண்டுமான்னு அவங்க பாத்துப்பாங்க. ரெண்டுக்கும் நல்ல ட்ரீட்மென்ட் இருக்கு, நடந்தத மெதுவா பேசி அதோட பிடிய தளர்த்தற தெரபி இருக்கு, தேவைன்னா மாத்திரை. மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, ஆனா நீங்களா நிறுத்தவும் கூடாது.

அந்த சீனியர் விஷயம். லெட்டர்ல ஒரே வரில கடந்துட்டீங்க, எனக்கென்னமோ அதுதான் பெரிய பாரம்னு தோணுது. அமெரிக்கால ராணுவத்துலருந்து வந்தவங்களுக்கான ஆஸ்பத்திரிகள்ல இத எல்லார்கிட்டயும் நேராவே கேக்கறாங்க, மூணு பொண்ணுங்கள்ல ஒருத்தர் ஆமாங்கறாங்க. கம்ப்ளைன்ட் குடுக்கறதா வேணாமாங்கறது அப்புறம், அத இப்போ முடிவு பண்ண வேணாம். மொதல் நாளே சொல்லணும்னும் இல்ல. லேடி தெரபிஸ்ட் வேணும்னு அப்பாயின்ட்மென்ட் போடறப்பவே கேளுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

எங்க போறது? 2019-லருந்து எஸ்.எஸ்.சி ஆபீசர்களுக்கும் ஈ.சி.ஹெச்.எஸ்-ங்கற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்த திறந்து விட்டிருக்காங்க, தானா வராது, பணம் கட்டி மெம்பர் ஆகணும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்வாங்க. அண்ணா நகர்ல ஸ்கார்ஃப்னு ஒரு மனநல மையம் இருக்கு, இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல ஆரம்பிச்சது. அவங்க அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா நடத்துனது எதத் தெரியுமா, உங்க அம்மா பயப்படற அதே கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியத்தான். அங்கயும் ஓ.பி உண்டு, சீட்டு வாங்கி, டாக்டரப் பாத்துட்டு, மாத்திரையோட பஸ் ஏறி வீட்டுக்கு வர்றவங்கதான் நிறைய. போக தயக்கமா இருந்தா 14416-க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசில்ல. எப்பவாவது "நான் இல்லாம போனா நல்லாருக்கும்"னு தோணுச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த நிமிஷமே போடுங்க.

அம்மாகிட்ட சண்டை வேணாம். திருநள்ளாறு போகணும்னா போயிட்டு வாங்க, அப்பாயின்ட்மென்ட்ட மட்டும் அதுக்காக தள்ளிப் போடாதீங்க. அப்புறம் தங்கச்சி. அவ கல்யாணத்த நினைச்சு வீட்ல எல்லாரும் பயப்படறீங்க, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டதா லெட்டர்ல எங்கயும் இல்ல. மொதல்ல அவகிட்ட சொல்லிப் பாருங்களேன்.