கூடிப் பேசி விலையேற்றியவர்கள் ஏன் கூடியே இருப்பதில்லை?

கேள்வி: ஒரே சரக்கை விற்கும் நாலைந்து பேர் 'இதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது' என்று பேசி வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் லாபம்தானே? அப்புறம் ஏன் இந்தக் கூட்டணிகள் உடைகின்றன?

பதில்: அந்த லாபம்தான் சிக்கலே. ஒரு பொருளைச் செய்ய 60 ஆகிறது, போட்டி இருந்தபோது 65-க்குப் போனது, இவர்கள் கூடிப் பேசி 100 ஆக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அங்கேயே நிற்க வேண்டுமென்றால் சந்தைக்கு வரும் சரக்கு குறைய வேண்டும், அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக்கொண்டு பாதி இயந்திரங்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். இப்போது அவர்களில் ஒருவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அன்றைக்குக் கூடுதலாக ஒன்று விற்றால் மிஞ்சியது 5. இன்றைக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு 'உங்களுக்கு மட்டும் 95' என்று சொன்னால் ஒவ்வொன்றிலும் 35 மிஞ்சும், இயந்திரமோ சும்மாதான் கிடக்கிறது! கூட்டணி நன்றாக நடக்க நடக்க அதை ஏமாற்றும் ஆசையும் வளர்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பார் என்பதால், அவர் முந்திக்கொள்வதற்குள் நாம் முந்திவிடலாமே என்ற பதற்றம் வேறு.

விலைப்பட்டியலில் 100 என்றேதான் இருக்கும். வண்டி வாடகை எங்களுடையது, பணம் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால் போதும், பத்து பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று தள்ளுபடி வேறு வாசல் வழியாகப் போகும். மற்றவர்களுக்குத் தங்கள் விற்பனை குறைவது மட்டும்தான் தெரியும், சந்தையே மந்தமா அல்லது கூட்டாளி கைவரிசையா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பேச்சை மீறுகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பெரிய கஷ்டம் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1964-லேயே அலசி எழுதிவிட்டார். கண்டுபிடித்தாலும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது, பல நாடுகளில் அந்த ஒப்பந்தமே சட்டவிரோதம்.

கேள்வி: அப்படியானால் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக் மட்டும் 1960-லிருந்து எப்படி நீடிக்கிறது?

பதில்: அமைப்பு நீடிக்கிறது, சரி. பங்கீடு எத்தனை முறை மீறப்பட்டது என்று கேளுங்கள். 1980-களின் தொடக்கத்தில் எண்ணெய்த் தேவை சரிந்தது, வடகடல் போன்ற வெளி இடங்களிலிருந்து எண்ணெய் வந்து குவிந்தது, உறுப்பு நாடுகள் பலவும் தங்கள் பங்கைத் தாண்டி விற்றன. விலையைத் தாங்கிப் பிடிக்க சவுதி அரேபியா தன் உற்பத்தியை வெட்டிக்கொண்டே போய், 1985-ல் பழைய அளவில் ஏறக்குறைய கால் பங்குக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் விற்க நான் மட்டும் எவ்வளவு நாள் குறைப்பது? குழாயைத் திறந்துவிட்டார்கள். 25 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் விலை 1986-ல் 10 டாலர் அளவுக்கு விழுந்தது. ஏமாற்றுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது, ஆனால் கொடுத்தவருக்கும் அதே அடிதான்.

கேள்வி: யார் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதை அரசே வெளியிட்டால் கூட்டணிகள் உடைந்துவிடாதா?

பதில்: நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். டென்மார்க்கில் 1993-ல், போட்டி கூடும் என்று நம்பி, ஆலையிலேயே கலந்து வரும் ஆயத்தக் கான்கிரீட் உண்மையில் கைமாறிய விலைகளை அரசு வெளியிட ஆரம்பித்தது. ஒரு வருடத்துக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது. ரகசியத் தள்ளுபடி கொடுத்தால் அடுத்த வெளியீட்டிலேயே மாட்டிக்கொள்வோம் என்றால் யார் கொடுப்பார்கள்?

உடைக்க வேண்டுமானால் உள்ளே இருப்பவருடைய பயத்தைத்தான் பிடிக்க வேண்டும். முதலில் வந்து ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தின் மீது வழக்கில்லை என்பதை அமெரிக்கா 1993-ல் தாராளமாக்கியது, பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. இரண்டாவதாக வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன்பின் ஒவ்வொரு ரகசியக் கூட்டத்திலும், எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே வக்கீலைப் பார்த்துவிட்டாரோ என்றுதான் எல்லோரும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.