பணியாரக்கல்லில் கல் எங்கே?

கேள்வி: பைனாப்பிளில் பைனும் இல்லை, ஆப்பிளும் இல்லை. ஹாம் என்றால் பன்றித்தொடை. ஹாம்பர்கரில் அது கிடையாது. கடனுக்கு 'டெட்' என்கிறார்கள். எழுதினால் நடுவில் ஒரு 'பி' வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேத்திக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தமிழைப்போலச் சொன்ன சொல்லுக்குச் சொன்ன பொருள் தரும் மொழி வேறு உண்டா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். அடுப்படிக்குப் போய்ப் பணியாரக்கல்லை எடுத்துப் பாருங்கள். ஏழு குழி இருக்கும், கல் இருக்கிறதா? முழுக்க இரும்பு. குழிக்குக் குழி விடுகிறீர்களே நல்லெண்ணெய், அந்த 'எண்ணெய்' என்பதே எள்ளின் நெய்தான். அப்படியானால் தேங்காயெண்ணெய் எந்த எள்ளை ஆட்டி எடுத்தது? மண்ணெண்ணெயில், பூமிக்கடியிலிருந்து வந்தது என்று மண்ணை ஒப்புக்கொள்ளலாம், எள் எங்கே? கொல்லையில் படமெடுத்து நிற்பது எந்த வகையில் 'நல்ல' பாம்பு என்று பேத்தி கேட்டால் என்ன சொல்வதாக உத்தேசம்?

பைன் மரத்துக் காய்க்குத்தான் முதலில் பைனாப்பிள் என்று பெயர். அன்றைய ஆங்கிலத்தில் எந்தப் பழமும் ஆப்பிள்தான். அமெரிக்காவிலிருந்து வந்த பழம் அந்தக் காயின் சாயலில் இருந்ததால் பெயரைப் பறித்துக்கொண்டது. ஹாம்பர்கர், ஹாம்பர்க் ஊர்ப்பெயர். அவ்வளவுதான்.

'டெட்' விஷயம்தான் ருசியானது. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் படித்த பண்டிதர்கள், மூலச்சொல் 'டெபிட்டும்' என்று காட்டுவதற்காகப் பிற்பாடு செருகினார்கள். கை எழுதியது; வாய் மறுத்துவிட்டது. உங்கள் பேரேட்டில் பற்று என்று எழுதுகிறீர்களே, அந்த 'டெபிட்' இதற்கு உடன்பிறப்பு. அதில் மட்டும் 'பி' கணீரென்று ஒலிக்கிறது. ஏட்டில் இருக்கும், வாயில் வராது: கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரைக் கேளுங்கள், கடனின் குணமே அதுதான் என்பார்.

அடுத்த கடிதத்தில் 'கேஷ்' நம் காசுதான் என்று எழுதுவீர்கள். வேண்டாம். ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லின் வழி வந்தது. நம் காசிலிருந்து போனது இன்னொரு கேஷ்; பழைய சில்லறை நாணயத்தின் பெயராக அகராதியில் தனியே கிடக்கிறது. பணத்துக்குப் பெட்டியின் பெயர் என்றால் செட்டிநாட்டுக்காரர் நீங்கள் ஆச்சரியப்படக்கூடாது. பர்மாவில் நம்மவர்கள் வைத்த வட்டிக்கடைகளில் தொழில் பழக உட்கார்ந்த பொடியனுக்கு என்ன பெயர்? பெட்டியடிப் பையன்.