அக்கி ஆறியும் எரிச்சல் ஆறவில்லையே?

கேள்வி: 68 வயதான என் தந்தைக்கு நான்கு மாதங்களுக்கு முன் விலாவில் அக்கி வந்தது. காவியால் எழுதினோம், புண் ஆறிவிட்டது. ஆனால் இப்போதும் சட்டை உரசினாலே துடிக்கிறார். மருந்துக்கடைக்காரர் முதுகுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி ஒரு மையத்தின் சீட்டும் கொடுத்துள்ளார். எடுக்கலாமா?

பதில்: வேண்டியதில்லை. ஆறியது தோல், நோய் குடியிருந்த இடம் நரம்பு. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளின் செல்களுக்குள் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து, முதுமையில் எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் விழித்து, அதே நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. அக்கி ஒரு பக்கமாக மட்டும் பட்டை போலப் படர்வது இதனால்தான். இந்தத் தாக்குதலில் சில செல்கள் மடிகின்றன. பிழைத்தவை தூண்டுதல் இல்லாதபோதும் மூளைக்கு வலியை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. மெல்லிய தொடுகையும் வலியாகவே போய்ச் சேருகிறது. உங்கள் தந்தை மிகைப்படுத்தவில்லை.

எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும். பெயர் மட்டும் காவிக்குப் போகிறது. ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைக்கான நேரம் அதில் கழிந்துவிடுகிறது. அதைவிட எரிச்சலூட்டுவது, கமிஷனுக்காகச் சீட்டு எழுதுவோரும், சத்துக் குறைபாடு உண்டா என்று பாராமலே 'நரம்பு ஊசி' போடுவோரும் தடையின்றி நடமாடுவதுதான்.

சாதாரண வலி மாத்திரைகள் இவ்வலிக்கு அதிகம் உதவா. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றில் ஒன்றை, சிறுநீரகத்தைச் சோதித்தபின், மருத்துவர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார். தலைசுற்றி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திடீரென நிறுத்தாதீர்கள்.

உங்கள் தந்தைக்குப் பொருந்தாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்கி நெற்றியிலோ இமையிலோ, குறிப்பாக மூக்கு நுனியிலோ வந்தால், கண் சிவக்காவிட்டாலும், பார்வை தெளிவாகவே இருந்தாலும், அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூக்கு நுனிக்கு வரும் நரம்பின் கிளையே கருவிழிக்கும் செல்வதால், மூக்கில் ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் பார்வைக்கு ஆபத்து.

உங்கள் தாயாருக்கு 50 வயது கடந்திருந்தால் அக்கித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். 2023 முதல் இந்தியாவில் கிடைக்கும் அதை இரண்டு தவணைகளாகப் போட வேண்டும். முதியோரைத் தாக்கும் நோய்க்கான ஊசிக்கு அரசின் இலவசத் திட்டத்தில் இடமில்லை. பல ஆயிரம் ரூபாயை நீங்களேதான் செலவிட வேண்டும்.