நோட்டில் துப்பாக்கி வரையும் பையன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை மகனை வெளியே உட்கார வைத்துவிட்டு, அந்த நோட்டை என் மேசைமேல் வைத்து மெதுவான குரலில் கேட்டீர்கள்: "சார், நல்லா படிக்கிற பையன், பக்கம் பக்கமா துப்பாக்கி வரையறான். மெக்கானிக்கல்தான் எடுப்பேன்னு வேற நிக்கறான். எனக்கு பயமா இருக்கு." அன்றைக்கு வாசலில் ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பேச முடிந்தது. நோட்டு என்னிடமே இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து புரட்டினேன். நானும் மெக்கானிக்கல் படித்தவன். இந்தப் படிப்பு ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். அந்தக் கண்ணோடு பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நோட்டில் ஓரிடத்திலும் மனிதன் இல்லை. சுடுவதோ ரத்தமோ சண்டையோ இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், அம்புக்குறி போட்ட அளவுகள், அழித்து அழித்துத் தேய்ந்துபோன காகிதம். பதினேழாம் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ரைஃபிள். மேலே இருப்பது நம் ராணுவத்தின் இன்சாஸ். மொத்த நீளம் 960 மில்லிமீட்டர், அதில் குழல் 464. கீழே இருப்பது ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜி. மொத்த நீளம் 790 மில்லிமீட்டர்தான், ஆனால் குழல் 508. கீழே இருப்பது மேலே இருப்பதைவிட ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் குட்டை. குழல் மட்டும் நீளம்! உங்கள் பையன் பக்கத்தில் சிவப்பு மையால் "எப்படி?" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறான்.

அந்த "எப்படி"க்கு விடைதான் புல்பப் என்ற அமைப்பு. வழக்கமான ரைஃபிளில் தோளில் வைக்கும் பின்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கும். புல்பப்பில் அந்த இடத்தை வீணாக்காமல், தோட்டா நிற்கும் அறை, அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட், தோட்டாக்களை அடுக்கும் மேகசின் எல்லாவற்றையும் ட்ரிகருக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். குழல் குறையாததால் தோட்டாவின் வேகம் குறையாது. மொத்த நீளம் மட்டும் சுருங்கும். கவச வண்டிக்குள் நெருக்கி உட்காரும் வீரனுக்கு அந்தச் சுருக்கம் பெரிய உதவி. ஆஸ்திரிய ராணுவம் 1977-இல் இதை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான வடிவமைப்பு. வெளிக்கூடு முழுக்க பாலிமர், அதாவது பிளாஸ்டிக் வகை. உள்ளே தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் தொகுதியில்கூடப் பெரும்பாலான பாகங்கள் பிளாஸ்டிக். எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும்படி மேகசின் கண்ணாடி போல இருக்கும். ட்ரிகரைப் பாதி இழுத்தால் ஒரு தோட்டா. முழுக்க இழுத்தால் தொடர்ச்சி. குழலைச் சட்டெனக் கழற்றி வேறு நீளத்தில் மாட்டலாம். இவ்வளவையும் அவன் குறித்து வைத்திருக்கிறான்.

ஆனால் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது இதனால் இல்லை. இருபதாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி: "இடதுகைக்காரன் என்ன செய்வான்?"

அம்மா, இது லேசான கேள்வி இல்லை. புல்பப்பில் காலித் தோட்டா வெளியே தெறிக்கும் ஓட்டை, சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். வலது தோளில் வைத்தால் வெளிப்பக்கம் போகும். இடது தோளுக்கு மாற்றினால் முகத்தில் அடிக்கும். ஏயூஜியில் போல்ட்டை மாற்றிப் போட்டு, ஓட்டையின் மூடியை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டனின் எல்85 ரைஃபிளில் அந்த வசதி இல்லை. அங்கே இடதுகைக்காரரும் வலது தோளில் வைத்துத்தான் சுடப் பழக வேண்டும். ஒரு பொருளைப் பார்த்து வியப்பவர்கள் நிறையப் பேர். இது யாருக்குக் கஷ்டம் என்று யோசிப்பவர்கள் குறைவு. உங்கள் பையன் பதினாறு வயதில் அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கிறான்.

அந்த எல்85-இன் கதையை அவனிடம் அவசியம் சொல்லுங்கள், அல்லது நான் சொல்கிறேன். 1985-இல் படைக்கு வந்தது. காகிதத்தில் அருமையான ரைஃபிள், குறி தவறாது. களத்துக்குப் போனதும் வரிசையாகப் புகார்கள்: மணலில் சிக்கிக்கொண்டது, கை பட்டால் மேகசின் கழன்று விழுந்தது, வீரர்கள் பூசிக்கொண்ட கொசு விரட்டி பட்டு பிளாஸ்டிக் பாகங்கள் கெட்டுப்போயின. கடைசியில் 2000-க்குப் பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனத்திடம் கொடுத்து, ஏறக்குறைய 2 லட்சம் ரைஃபிள்களைப் பிரித்துச் சரிசெய்தார்கள். செலவு 9 கோடிப் பவுண்டுக்கு மேல். கொசு மருந்து பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதை வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. பாலிமர் படித்த ஒருவர் கூடவே இருந்து, முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்தத் துறையில் வேலை என்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சோதனைதான். வரைகிற நேரம் கொஞ்சம். உடைத்துப் பார்க்கிற நேரம் அதிகம். அதற்குப் பொறுமை இருக்கிறதா என்று அவன்தான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். பிரான்ஸ் தன் ஃபமாஸ் புல்பப்பை விட்டு 2017-இல் வழக்கமான அமைப்புக்குத் திரும்பத் தொடங்கியது. சீனாவும் 2019-இல் காட்டிய புதிய ரைஃபிளில் புல்பப்பைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவோ ஏயூஜி வழியிலேயே நின்று அதை மேம்படுத்திக்கொண்டது. நம் சிறப்புப் படைகள் கையில் இருக்கும் இஸ்ரேலிய டவோரும் புல்பப்தான். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை எழுதியிருக்கிறது. ஏன் என்று அவனே தேடட்டும். தேடிவிட்டு வந்து அரை மணி நேரம் பேசினான் என்றால், என்ன படிக்க வைக்கலாம் என்ற கவலையே உங்களுக்கு வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருவோம். "டிஃபென்ஸ் டெக்னாலஜி" என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்பு எங்காவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருந்தாலும் இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவில் 'சயின்டிஸ்ட் பி' என்ற தொடக்கநிலை விஞ்ஞானி பணிக்கு மெக்கானிக்கல், மெட்டலர்ஜி போன்ற அடிப்படைப் பிரிவுகளில் முதல் வகுப்புப் பட்டமும், கேட் (GATE) என்ற பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணும், நேர்முகத் தேர்வும் கேட்கிறார்கள். பிரிவின் பெயர் விசித்திரமாக இருந்தால் விண்ணப்பத்திலேயே சிக்கல் வரலாம். அதனால் பி.இ. மெக்கானிக்கல், இல்லையென்றால் புரொடக்‌ஷன் அல்லது மெட்டலர்ஜி. பிளாஸ்டிக் பக்கம் ஈர்ப்பு இருந்தால் குரோம்பேட்டை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் இருக்கிறது. கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது. ஆயுதத் தொழில்நுட்பம் என்று தனியாகப் படிக்க நினைத்தால் எம்.டெக்.கில் பார்த்துக்கொள்ளலாம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

வேலை எங்கே? இன்சாஸை வடிவமைத்தது புனேயில் இருக்கும் டிஆர்டிஓவின் ஏஆர்டிஇ ஆய்வகம். தயாரித்த இடங்களில் ஒன்று திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை 2021 அக்டோபரில் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது, திருச்சி ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் போனது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் இருக்கிறது. அதில் சேர்ந்த சிறிய ஆலைகளில் கருவி, அச்சு, அளவீடு தெரிந்தவர்களுக்கு இடம் உண்டு. நாலு வருடம் கழித்து நிலைமை எப்படி இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் மெக்கானிக்கலை ஆழமாகப் படித்த பையன் இந்த ஒரு துறையை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னீர்கள்: "உயிரை எடுக்கிற பொருளை என் பிள்ளை செய்யணுமா சார்?" அதை நான் தள்ளிவிடவில்லை. இந்தக் கேள்வி அவனுக்கும் ஒருநாள் வரும், வர வேண்டும். நான் அடிப்படைப் பிரிவில் சேருங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். முக்கியமான பாகத்தைக் குறைக்காமல் பொருளைச் சுருக்குவது, கைக்குப் பொருந்த வைப்பது, பிளாஸ்டிக் எதைத் தாங்கும் என்று அறிவது, இதெல்லாம் தெரிந்தவனை அறுவைச் சிகிச்சைக் கருவி செய்கிறவர்களும் தேடுவார்கள், டிரில்லிங் மெஷின் செய்கிறவர்களும் தேடுவார்கள். இருபத்திரண்டு வயதில் ஆயுத வேலை வேண்டாம் என்று அவன் மனது சொன்னால், வேறு கதவு திறந்திருக்க வேண்டும். வேண்டும் என்று சொன்னால், அதுவும் யோசித்துச் சொன்னதாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நோட்டில் வரையட்டும், கணினியில் வரையட்டும். வீட்டிலோ பட்டறையிலோ 3டி பிரிண்டரிலோ துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் செய்து பார்க்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். "ஆர்வத்தில் செய்தேன்" என்பது அங்கே எடுபடாது. ஒரு வழக்கு வந்தால் அரசு வேலைக்கான சரிபார்ப்பில் அது எழுந்து நிற்கும். கை துறுதுறுவென்று இருந்தால் பழைய தையல் மெஷினோ சைக்கிள் கியரோ வாங்கிக் கொடுங்கள். பிரித்து, அளந்து, வரைந்து, மறுபடி மாட்டட்டும்.

வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள். இந்த முறை அவனை வெளியே உட்கார வைக்க வேண்டாம். பதினேழாம் பக்கத்து ஏயூஜியில் ட்ரிகர் முன்னால் இருக்கிறது, சுத்தியல் பின்னால் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கம்பியை அவன் வரையவே இல்லை. அதை மேகசினைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவான் என்று அவனிடமே கேட்க வேண்டும். பென்சிலும் ஸ்கேலும் எடுத்து வரச் சொல்லுங்கள்.